எபிசோடு 41: இருபது வருஷ விமானப்படை, ஒன்றரைப் பக்க ரெஸ்யூம்

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். உண்மையில ஒரு கெஸ்ட் வந்திருக்கணும். எங்க பெரியப்பா பையன், எனக்கு அண்ணன். "மைக் முன்னாடி உக்காந்தா எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாதுன்னு ஒவ்வொரு வார்த்தைக்கும் யோசிச்சுக்கிட்டே இருக்கணும்டா, நீயே சொல்லு. என் பேரு, கம்பெனி பேரு மட்டும் வேணாம்"னு சொல்லிட்டாரு. அதனால அவர் அனுமதியோட அவர் கதையை நான் சொல்றேன். அதுல நான் பண்ணின ஒரு தப்பும் இருக்கு. அதையும் சொல்லச் சொன்னாரு. அதை முக்கியமா சொல்லச் சொன்னாரு.

எங்க ஊர் வேலூர் பக்கம். வீட்டுக்கு ஒரு ஆள் ராணுவத்துல இருக்கிற ஊருங்க நிறைய இருக்கிற பக்கம் அது. அண்ணன் 2003ல, பதினெட்டு வயசுல, பிளஸ் டூ முடிச்ச கையோட தாம்பரத்துக்குப் போய்த் தேர்வு எழுதி விமானப்படையில ஏர்மேனா சேர்ந்தார். பெளகாவியில அடிப்படைப் பயிற்சி, அப்புறம் பெங்களூரு ஜாலஹள்ளியில தொழில்நுட்பப் பயிற்சி. அதுக்கப்புறம் மேற்கு எல்லை, வடகிழக்குன்னு ஒவ்வொரு ஊரா. ஏர்மேன் ஒப்பந்தம் இருபது வருஷம். 2023ல சார்ஜன்டா வெளிய வந்தப்போ அவருக்கு வயசு முப்பத்தெட்டு.

முப்பத்தெட்டு. இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நம்ம ஆபீஸ்ல முப்பத்தெட்டு வயசுக்காரர் ஒரு ஆர்க்கிடெக்டாவோ மேனேஜராவோ இருப்பார். இவர் அந்த வயசுல முதல் ரெஸ்யூம் எழுத உக்கார்றார்.

இருபது வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தார்? போர் விமானத்துல இருக்கிற மின்னணுச் சாதனங்கள், அதாவது ஏவியானிக்ஸ், அதைப் பராமரிக்கிற வேலை. ரேடார், ரேடியோ, வழிகாட்டும் கருவிகள், பைலட் முன்னாடி தெரியற டிஸ்ப்ளே, இதெல்லாம். பைலட் இறங்கி வந்து "இது சரியா வேலை செய்யல"ன்னு எழுதிக் கொடுப்பார். அதை அவங்க ஸ்நாக்னு சொல்வாங்க. நம்ம பாஷையில பக் ரிப்போர்ட். நம்ம பக் ரிப்போர்ட் மாதிரியே அதுவும் பாதி நேரம் ஒரு வரிதான் இருக்குமாம். "டிஸ்ப்ளே ஒரு தடவை அணைஞ்சு திரும்ப வந்தது." எப்போ? எந்த உயரத்துல? திரும்பும்போதா, நேரா போகும்போதா? அதைப் பைலட்கிட்ட கேட்டு வாங்கறதே ஒரு திறமைன்னு அண்ணன் சொல்வார். ஏன்னா அவங்க ஆபீசர், இவர் ஏர்மேன். "சார், கொஞ்சம் ஞாபகப்படுத்திச் சொல்லுங்க சார்"னு ஒரு அதிகாரியை மூணு தடவை திரும்பக் கேக்க ஒரு பக்குவம் வேணும்.

விமானத்துல ஒவ்வொரு சாதனமும் ஒரு பெட்டி. எல்.ஆர்.யூ.ன்னு பேரு. லைன் ரீப்ளேசபிள் யூனிட். ஓடுபாதை பக்கத்துல நிக்கிறப்பவே கழட்டி மாத்தக்கூடிய பெட்டி. பழுதான பெட்டியைக் கழட்டி, நல்ல பெட்டியை மாட்டி, விமானத்தை அனுப்பிடுவாங்க. கழட்டின பெட்டி பட்டறைக்குப் போகும். அங்க ஏ.டி.இ.ன்னு ஒரு தானியங்கிச் சோதனைக் கருவியில மாட்டிப் பார்ப்பாங்க. இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வருது. பாதி நேரம் பெட்டி நல்லாத்தான் இருக்கும்! எல்லா டெஸ்டும் பாஸ். இதுக்கு உலகம் பூரா ஏவியானிக்ஸ்காரங்க வச்சிருக்கிற பேரு 'நோ ஃபால்ட் ஃபவுண்ட்'. "என் மெஷின்ல வேலை செய்யுதே" அப்படின்னு நாம சொல்றோமே, அதே வியாதி.

பெட்டி பெஞ்ச் மேல ஆடாம அசையாம உக்காந்திருக்கு. மேல பறக்கும்போது அதிரும், குளிரும், சூடாகும். கனெக்டர்ல ஒரு பின் லேசா உள்ள போயிருந்தா, ஒரு ஒயரோட மேல் உறை தேய்ஞ்சிருந்தா, அது அங்க மட்டும்தான் தெரியும். ஆக, பழுது பெட்டியில இல்ல, பெட்டிக்குப் போற வழியில. இரவு ரெண்டு மணிக்கு ஹேங்கர்ல டார்ச் அடிச்சு, ஒரு ஒயர்க் கட்டை விரலால தடவித் தடவிப் பார்த்து பழுதைப் பிடிச்ச கதையெல்லாம் அண்ணன் சொல்லியிருக்கார். எந்த விமானம், எந்தத் தளம்னு மட்டும் எப்பவும் சொன்னதில்ல.

இன்னொரு விஷயம், டூல். ஒவ்வொரு ஸ்க்ரூ டிரைவருக்கும் பலகையில அதே வடிவத்துல ஒரு இடம் வரைஞ்சு வச்சிருப்பாங்க. வேலை முடிஞ்சதும் எண்ணுவாங்க. ஒண்ணு குறைஞ்சா அந்த விமானம் பறக்காது. கிடைக்கிற வரைக்கும் எல்லாரும் தேடணும். ஒரு தடவை ஒரு சின்ன பிட் காணோம்னு ராத்திரி முழுக்கத் தேடி, விடிகாலையில ஒரு பையனோட சட்டைப் பாக்கெட்லயே இருந்ததாம். அந்தப் பையனைத் திட்டினாங்களான்னு கேட்டேன். "திட்டினாங்க. ஆனா அவனே எடுத்து வந்து கொடுத்தான் பாரு, அதுக்காகக் கொஞ்சமாத் திட்டினாங்க"ன்னார். போஸ்ட்மார்ட்டம் மீட்டிங்ல யாரையும் குறை சொல்லக்கூடாதுன்னு நமக்கு ஸ்லைடு போட்டுச் சொல்லித் தர்றாங்க. அவங்க அதை வேற மாதிரி கத்துக்கறாங்க.

சரி, இப்போ ரெஸ்யூம்.

அண்ணன் ஒரு கோடு போட்ட தாள்ல, ஆங்கிலத்துல, எல்லாம் பெரிய எழுத்துல எழுதிக் கொண்டு வந்தார். பதவி, டிரேட், எந்த வருஷத்துல எந்த யூனிட், என்னென்ன கோர்ஸ். ஒன்றரைப் பக்கம். யூனிட் பேரெல்லாம் எண்கள்தான். வெளியில இருக்கிற ஒரு எச்.ஆர். ஆளுக்கு அதுல ஒரு வரி கூடப் புரியாது. நான் சிரிச்சேன். "அண்ணா, இதை விடு, நான் பார்த்துக்கறேன்"னு சொன்னேன்.

நான் எப்படிப் பார்த்துக்கிட்டேன்னா, என்னோட டெம்ப்ளேட்டை எடுத்தேன். 'ஸ்நாக் ரெக்டிஃபிகேஷன்' அப்படிங்கறதை 'டீபக்கிங்' ஆக்கினேன். ஏ.டி.இ. 'டெஸ்ட் ஆட்டோமேஷன்' ஆச்சு. ரெண்டு ஜூனியர் பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது 'டீம் லீட்' ஆச்சு. கடைசியா, ஸ்கில்ஸ் பகுதியில 'பைத்தான், இன்டர்மீடியட்'னு போட்டேன். அண்ணன் அப்போதான் ஆன்லைன்ல மூணு வாரம் பைத்தான் படிச்சிருந்தார். ஃபார் லூப் வரைக்கும் வந்திருந்தார். "இன்டர்மீடியட்னு போடலாமாடா?"ன்னு ஒரு தடவை கேட்டார். "எல்லாரும் போடறதுதான்ணா"ன்னேன். அதுக்கப்புறம் அவர் ஒண்ணும் சொல்லல.

ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில டெஸ்ட் இன்ஜினியர் வேலை. பேர் வேணாம். அவங்க மேல எந்தத் தப்பும் இல்ல. வீடியோ இன்டர்வியூ, என் ரூம்லதான். நான் கேமராவுல தெரியாம கட்டில் மேல உக்காந்திருந்தேன். எதிர்ப்பக்கம் ஒரு பையன், என்னை விடச் சின்னவனா இருப்பான். மரியாதையாத்தான் பேசினான். "நீங்க எந்த ஆட்டோமேஷன் ஃப்ரேம்வொர்க் பயன்படுத்தினீங்க?" அண்ணன் என்னைப் பார்த்தார். நான் செலினியம்னு உதட்டை அசைச்சேன். அவர் திரும்பிக் கேமராவைப் பார்த்து, "சார், அது என் தம்பி எழுதினது. எனக்கு அந்த வேலை தெரியாது. உங்க நேரத்தை வீணாக்கினதுக்கு மன்னிக்கணும்"னு சொல்லிட்டு நமஸ்தே சொன்னார். பதினோரு நிமிஷம்.

எனக்குக் கோபம் வந்துச்சு. வெக்கமா இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணாத்தான் வரும் போல. கீழ டீக்கடைக்குப் போனோம். அவர் கத்தல. அதுதான் கஷ்டமா இருந்தது. அப்போதான் எஃப்-700 பத்திச் சொன்னார்.

ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பதிவேடு இருக்கும். ஃபார்ம் 700. பிரிட்டிஷ் காலத்துல இருந்து வர்ற பழக்கம். விமானத்துல யார் எதைத் தொட்டாலும் அதுல எழுதிக் கையெழுத்துப் போடணும். என்ன கழட்டினேன், என்ன மாட்டினேன், என்ன சோதிச்சேன். சில வேலைக்கு இன்னொருத்தர் தனியா வந்து பார்த்து அவரும் கையெழுத்துப் போடணும். பைலட் அதைப் பார்த்து, அவர் கையெழுத்தைப் போட்டுட்டு ஏறுவார். அவ்வளவுதான். அந்தப் பைலட் உங்க முகத்தைப் பார்த்து எதுவும் கேக்க மாட்டார். அந்தக் கையெழுத்தை நம்பி மேல போவார்.

"இருபது வருஷத்துல, பண்ணாத வேலையைப் பண்ணினதா நான் ஒரு கையெழுத்துப் போட்டதில்லடா. வெளிய வந்து மூணு மாசத்துல நீ போட வச்சுட்ட."

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. டீ ஆறிப்போச்சு. நான் காசு கொடுக்கப் போனேன், அவர் கொடுத்துட்டார்.

இதைக் கேக்கிற உங்கள்ல சில பேர் "ரெஸ்யூம்ல கொஞ்சம் ஏத்திச் சொல்றது சகஜம்தானே"ன்னு நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். என் ரெஸ்யூம்லயும் இருந்துச்சு. 'குபர்நெட்டிஸ்'னு ஒரு வார்த்தை, நான் ஒரே ஒரு தடவை தொட்டது. அந்த ராத்திரி எடுத்துட்டேன். பெருமைக்குச் சொல்லல, சும்மா தகவலுக்கு.

அப்புறம் ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து முதல்ல இருந்து எழுதினோம். இந்தத் தடவை அவர் பேசினார், நான் கேட்டு எழுதினேன். இங்க ஒரு உண்மையான சிக்கல் இருக்கு. 1923ஆம் வருஷத்து அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் இருக்கு. வெளிய வந்துட்டாலும் வாய்க்கு வந்ததைச் சொல்லிட முடியாது. எந்த ரேடார், எவ்வளவு தூரம் பார்க்கும், எந்தத் தளத்துல எத்தனை விமானம், இதெல்லாம் ரெஸ்யூம்ல வரவே கூடாது. ஆனா யோசிச்சுப் பாருங்க, வேலை கொடுக்கிறவருக்கு அதெல்லாம் தேவையே இல்ல. அவருக்குத் தேவை, இந்த ஆள் என்ன மாதிரி வேலை செய்வார்ங்கறதுதான். 'போர் விமானத்தின் மின்னணுச் சாதனங்களில் பழுது கண்டறிதல்'னு பொதுவாச் சொல்லிட்டு, அதுக்குக் கீழ எப்படின்னு எழுதினோம். வயரிங் வரைபடத்தை வச்சுப் பழுதைப் பின்தொடர்ந்து போறது. ஆசிலாஸ்கோப், மல்டிமீட்டர், இன்சுலேஷன் டெஸ்டர். கனெக்டர்ல பின் மாத்தறது, கிரிம்ப் பண்றது, சால்டரிங். அளவுக் கருவிகளோட கேலிபிரேஷன் தேதி பார்க்கறது. ஷிஃப்ட்ல எத்தனை பேருக்குப் பொறுப்பு. புதுசா வந்த பசங்களுக்கு என்ன பயிற்சி.

டேட்டா பஸ் பத்திக் கேட்டப்போதான் எனக்கே கண் திறந்துச்சு. போர் விமானங்கள்ல மில்-ஸ்டாண்டர்ட்-1553னு ஒரு பஸ் இருக்கு. 1973ல வந்த அமெரிக்கத் தரம், இன்னைக்கும் பல நாட்டுப் போர் விமானங்கள்ல ஓடுது. வேகம் நொடிக்கு ஒரு மெகாபிட். சிரிக்காதீங்க. ஒரு பஸ் கன்ட்ரோலர், அதுக்குக் கீழ 31 ரிமோட் டெர்மினல் வரைக்கும். கன்ட்ரோலர் கேட்டாதான் மத்தவங்க பேசணும், தானா யாரும் பேசக்கூடாது. ஒரு கேபிள் அறுந்தா இன்னொண்ணுல போக இரட்டைக் கேபிள். எந்த நேரத்துல எந்தச் செய்தி போகும்னு முன்கூட்டியே தெரியும். நம்ம மைக்ரோ சர்வீஸ் எல்லாம் ஒண்ணை ஒண்ணு கூப்பிட்டுக்கிட்டு எது எப்போ பதில் சொல்லும்னு தெரியாம நிக்குதே, அதைப் பார்த்தா அவருக்குச் சிரிப்பு வருமோ என்னமோ.

பயணிகள் விமானத்துல பரவலா இருக்கிறது ஆரிங்க் 429. அது வேற மாதிரி. ஒரு ஒயர் ஜோடியில ஒருத்தர் மட்டும்தான் பேசுவார், அதிகபட்சம் இருபது பேர் கேப்பாங்க. 32 பிட் வார்த்தை. வேகம் 12.5 கிலோபிட் இல்லன்னா 100 கிலோபிட். ஏ380, 787 மாதிரி பெரிய விமானங்கள்ல ஈத்தர்நெட்டை அடிப்படையா வச்ச ஆரிங்க் 664 வந்துடுச்சு. அண்ணனுக்கு 1553 தண்ணி பட்ட பாடு, 429 புதுசு. ஆனா ஒரு சிக்னலை ஸ்கோப்ல பார்த்து, இது இப்படி இருக்கக்கூடாதேன்னு சொல்ற கண்ணு இருக்கே, அது தரம் மாறினாலும் போகாது. 429ஐப் படிக்க அவருக்கு ஒரு வாரம் ஆச்சு. நான் அந்த வாரத்துல ஒரு சி.எஸ்.எஸ். பிரச்சினையைத் தீர்க்க முடியாம இருந்தேன்.

அப்போ, பயணிகள் விமானப் பராமரிப்புக்கே போயிருக்கலாமேன்னு தோணும். எல்லாரும் கேக்கிற கேள்வி இதுதான். போகலாம், ஆனா நேரா போக முடியாது. இந்தியாவுல ஒரு சிவில் விமானத்தைப் பராமரிச்சு, இது பறக்கத் தகுதின்னு கையெழுத்துப் போட டி.ஜி.சி.ஏ. கொடுக்கிற ஏ.எம்.இ. லைசென்ஸ் வேணும். கார்-66ன்னு விதிமுறை. இன்ஜின், உடல் பகுதிக்கு பி1, ஏவியானிக்ஸுக்கு பி2. பி2 வாங்க மாட்யூல் மாட்யூலா தேர்வு எழுதணும், ஒவ்வொண்ணுலயும் 75 சதவீதம் எடுக்கணும். மின்சாரம், மின்னணு, டிஜிட்டல் இதெல்லாம் அண்ணனுக்குப் பிரச்சினை இல்ல. மனிதக் காரணிகள்னு ஒரு பாடம், விமானச் சட்டம்னு ஒரு பாடம், அதெல்லாம் புதுசா படிக்கணும். அனுபவத்தைப் பொறுத்தவரைக்கும், ராணுவத்துல செஞ்ச வேலையை ஏத்துக்க விதியில இடம் இருக்கு. ஆனா அது மட்டும் போதாது, சிவில் பராமரிப்புச் சூழல்ல கூடுதலா வேலை செஞ்சிருக்கணும். அதாவது லைசென்ஸ் வாங்க சிவில் அனுபவம் வேணும், அதுக்கு லைசென்ஸ் இல்லாத டெக்னீஷியனா முதல்ல ஒரு இடத்துல சேரணும். முப்பத்தெட்டு வயசுல, ரெண்டு பிள்ளைங்களோட, ஐதராபாத்லயோ நாக்பூர்லயோ ஹேங்கர்ல இருபத்திரண்டு வயசுப் பசங்களோட சமமா நிக்கணும். லைசென்ஸ் வாங்கினாலும், ஒரு குறிப்பிட்ட விமான வகைக்குத் தனியா டைப் ரேட்டிங் வாங்கினாதான் அதுல கையெழுத்துப் போட முடியும்.

அண்ணன் அதைத் தேர்ந்தெடுக்கல. அவர் கூட வெளிய வந்த ஒருத்தர் தேர்ந்தெடுத்தார், இப்போ மாட்யூல் எழுதிட்டு இருக்கார். ரெண்டு பேரும் வாட்ஸ்அப்ல இன்னும் சண்டை போடறாங்க, யார் செஞ்சது சரின்னு.

இதுக்கு நடுவுல வீட்டுல இன்னொரு சண்டை. பேங்க்.

முன்னாள் படைவீரர்களுக்கு அரசு வேலையில ஒதுக்கீடு இருக்கு. பொதுத்துறை வங்கிகள்ல கிளார்க் மாதிரி வேலைகள்ல 14.5 சதவீதம், கடைநிலை வேலைகள்ல 24.5 சதவீதம். அதனால விமானப்படையில இருந்து வெளிய வர்ற நிறைய பேர், கடைசி வருஷம் ஹேங்கர்ல வேலை செஞ்சுக்கிட்டே ராத்திரி ரீசனிங் கணக்கு போட்டு வங்கித் தேர்வு எழுதறாங்க. அண்ணனும் எழுதியிருந்தார், தேறியிருந்தார். அண்ணிக்கு அதுதான் வேணும். பெரியம்மாவுக்கும். "இருபது வருஷம் ஊர் ஊரா அலைஞ்சாச்சு. இனி காலையில போய் சாயந்தரம் வீட்டுக்கு வர்ற வேலை பாரு"ன்னாங்க.

நான் பெரிய வீரன் மாதிரி அண்ணிகிட்ட வாதாடினேன். "அண்ணி, ரேடார் சரி பண்ணின ஆளை பாஸ்புக் பிரிண்ட் பண்ண அனுப்பறீங்களே"ன்னு. அண்ணி என்னைப் பார்த்துச் சொன்னாங்க: "தம்பி, நீங்க கம்பெனி மாறுனா சம்பளம் ஏறுது. நாங்க மாறுன ஒவ்வொரு தடவையும் எங்க பொண்ணுக்கு ஸ்கூல், பாஷை, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் மாறிச்சு. இந்தியிலயும் கன்னடத்துலயும் படிச்சுட்டு வந்து இப்போ தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கறா."

அதுக்கப்புறம் நான் வாதாடல. வங்கி வேலைக்குப் போறவங்களைப் பார்த்து 'திறமையை வீணாக்கறாங்க'ன்னு சொல்றது எனக்கு இப்போ அவ்வளவு சுலபமா வரல. ஓய்வூதியம் ஒரு பக்கம், அதுக்கு மேல ஒரு நிலையான சம்பளம், சொந்த மாநிலத்துல வீடு. இருபது வருஷம் அது இல்லாம இருந்தவங்களுக்கு அதோட விலை தெரியும். ஆனா நாட்டைப் பொறுத்தவரைக்கும் அது ஒரு நஷ்டம்தான். அவ்வளவு செலவு பண்ணிப் பயிற்சி கொடுத்த கை, கவுன்டருக்குப் பின்னாடி இருக்கு. இது அந்தக் குடும்பம் தீர்க்க வேண்டிய பிரச்சினை இல்ல, அதான் விஷயம்.

அண்ணன் கடைசியில போனது ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம். மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்க்கிற கம்பெனி, சென்னையில. பேஷன்ட் மானிட்டர், வென்டிலேட்டர், அல்ட்ராசவுண்ட். அந்தப் புது ரெஸ்யூமை வச்சுதான் கூப்பிட்டாங்க. இன்டர்வியூவுல ஒரு பழுதான போர்டைக் கையில கொடுத்து, "எங்க ஆரம்பிப்பீங்க?"ன்னு கேட்டாங்களாம். "முதல்ல இதைக் கழட்டினவர்கிட்ட பேசுவேன்"னு சொல்லியிருக்கார். சம்பளம்? என் டீம்ல இப்போ சேர்ந்த ஃப்ரெஷரை விடக் குறைவு. ஓய்வூதியம் இருக்கிறதால சமாளிக்க முடியுது. அது இல்லன்னா வங்கிதான்னு அவரே சொல்றார். அண்ணி ஆறு மாசம் பேசல. பேசினாங்க, ஆனா அந்த மாதிரி பேசல.

சேர்ந்து ரெண்டாவது மாசம் ஒரு கால் வந்துச்சு. ஒரு மருத்துவமனை ஐ.சி.யூ.வுல ஒரு மானிட்டர், அப்பப்போ ஈ.சி.ஜி. கோடு நேரா போய் அலாரம் அடிக்குது. மூணு தடவை ஆள் வந்து பார்த்து, 'பழுது எதுவும் இல்லை'ன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க. நர்ஸுங்க அலாரத்தைக் கண்டுக்காம இருக்கப் பழகிட்டாங்க. அதுதான் பயங்கரம், யோசிச்சுப் பாருங்க. அண்ணன் போய் மானிட்டரைத் தொடல. அந்த வார்டு சிஸ்டர்கிட்ட, "எப்போ எப்போ வருது? ஞாபகப்படுத்திச் சொல்லுங்க"ன்னு கேட்டார். "நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும்போதுதான் அதிகமா வருது"ன்னாங்க. கேபிளைக் கட்டில் ஓரத்துல வளைச்சுப் பிடிச்சு விரலால தடவிக்கிட்டே போனார். கனெக்டருக்கு நாலு விரல் தள்ளி, உறைக்குள்ள ஒயர் விட்டுப் போயிருந்தது. பெஞ்ச் மேல நேரா வச்சா பாஸ், வளைச்சா ஃபெயில்.

கேபிளை மாத்திட்டு சர்வீஸ் ரிப்போர்ட் எழுதினார். அந்த ஃபார்ம்ல நாலு பெட்டி, ஒரு டிக், அவ்வளவுதான் இடம். அவர் பின்பக்கம் திருப்பி முழுப் பக்கம் எழுதினார். எப்போ, எப்படி, எத்தனை தடவை வளைச்சுச் சோதிச்சேன்னு எல்லாம் எழுதி, கீழ கையெழுத்து.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். பாராட்ட இல்ல. ஒரு நாளைக்கு நாலு கால் முடிக்கணும், நீங்க ரெண்டுதான் முடிச்சிருக்கீங்கன்னு. அண்ணன் எனக்கு ஃபோன் பண்ணி, "டேய், இங்க வேகமா மூடற டிக்கெட்டைத்தான் எண்றாங்க, திரும்ப வராத டிக்கெட்டை எண்றதில்ல"ன்னார். நான் சிரிச்சேன், ஏன்னா எங்க ஆபீஸ்லயும் அதேதான். இப்போ அவர் ஒரு நாளைக்கு மூணு முடிக்கிறார். மேனேஜர் நாலு கேக்கிறார். ரெண்டு பேரும் இறங்கி வர்றதா தெரியல.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இந்த எபிசோடை நான் இப்போ பண்றதுக்குக் காரணமே இதுதான்.

எங்க ஊர்ல அண்ணன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன், அக்னிவீர் வாயு. 2022ல வந்த அக்னிபத் திட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாலு வருஷம்தான் வேலை. அதுக்கப்புறம் 25 சதவீதம் பேர் வரைக்கும்தான் நிரந்தரமா எடுப்பாங்க. மத்தவங்க சேவா நிதின்னு வட்டியோட சுமார் 11.71 லட்சம் வாங்கிட்டு வெளிய வரணும். ஓய்வூதியம் கிடையாது. விமானப்படையோட முதல் அணி 2022 டிசம்பர் கடைசியில பயிற்சியில சேர்ந்தது, அப்போ 2026 கடைசியில அவங்களுக்கு நாலு வருஷம் முடியும். இந்தப் பையன் அந்த அணி.

லீவுல வந்தப்போ அண்ணன்கிட்ட வந்து, "அண்ணா, உங்க ரெஸ்யூமைக் கொடுங்க, பேரை மாத்திப் போட்டுக்கறேன்"ன்னான். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வேற பக்கம் பார்த்தேன்.

அவனுக்கு அண்ணனோட கணக்கு பொருந்தாது. இருபது வருஷக் கை அவனுக்கு இல்ல, குறைஞ்ச சம்பளத்தைத் தாங்கிக்க ஓய்வூதியமும் இல்ல. ஆனா அவனுக்கு வயசு இருபத்தி மூணு. ஹேங்கர்ல சின்னப் பசங்களோட சமமா நிக்க அவனுக்கு வெக்கம் இருக்காது, ஏன்னா அவனே சின்னப் பையன். அதனால அண்ணன் அவனுக்குச் சொன்னது, அவர் போகாத வழி: பி2. மாட்யூல் தேர்வுக்கு இப்பவே படிக்க ஆரம்பி, வெளிய வந்ததும் அந்தப் பணத்துல பைக் வாங்காத, ஒரு எம்.ஆர்.ஓ.வுல டெக்னீஷியனா சேரு. அப்புறம், உள்ள இருக்கும்போதே உன் பயிற்சிச் சான்றிதழ் ஒவ்வொண்ணையும் முறைப்படி கேட்டு வாங்கி வச்சுக்க. வெளிய வந்துட்டா ஒரு தாளுக்கு எத்தனை கடிதம் எழுதணும்னு எனக்குத் தெரியும்.

பையன், "பைத்தான் படிக்கட்டுமாண்ணா?"ன்னு கேட்டான்.

"படி. என் தம்பிகிட்ட கத்துக்க. ஆனா எழுதறதை மட்டும் நீயே எழுது."

நான் இப்போ அவனுக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு, சிக்னல் கிடைச்சா, பைத்தான் சொல்லிக் கொடுக்கறேன். போன வாரம் ஃபார் லூப் முடிஞ்சது. உங்க வீட்டுல, உங்க தெருவுல இப்படி முப்படையில இருந்து வெளிய வரப்போறவங்க யாராவது இருந்தா, இந்த எபிசோடை அனுப்புங்க. பி2 தேர்வு எழுதி முடிச்சவங்க யாராவது கேட்டுட்டு இருந்தீங்கன்னா எனக்கு ஒரு மெயில் போடுங்க, அந்தப் பையனுக்கு மாட்யூல் 10 எப்படிப் படிக்கறதுன்னு சொல்லித் தர ஆள் வேணும். அண்ணனும் அந்தப் பாடத்துல தெரியாதுன்னு சொல்லிட்டார்.

அடுத்த வாரம் கெஸ்ட் உண்டு. பார்ப்போம்.